கடைக்குட்டிப் பல்லுக்கு இடம் இருக்கிறதா?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சிறிய செயற்பாட்டோடு தொடங்குவோம். கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து உங்கள் பற்களை எண்ணிப் பாருங்கள். மூன்றாம், நான்காம் படிவத்தில் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்கு மேல் வரிசையில் 14, கீழ் வரிசையில் 14 என 28 பற்களே இருக்கும். ஆனால் வளர்ந்த மனிதருக்கு 32 பற்கள் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். வெட்டுப்பற்கள் 8, கோரைப்பற்கள் 4, முன்கடைவாய்ப்பற்கள் 8, கடைவாய்ப்பற்கள் 12. அப்படியென்றால் மீதி நான்கு பற்கள் எங்கே?

அவை தாடை எலும்புக்குள் இருக்கின்றன. மேலே இரண்டு, கீழே இரண்டு என வரிசையின் நான்கு கோடிகளிலும் வெளிவரக் காத்திருக்கின்றன. அவற்றைத்தான் ஞானப்பல் என்கிறோம். அறிவு முதிரும் வயதில் முளைப்பதால் வந்த பெயர் இது. ஜப்பானியர்கள் இதைப் 'பெற்றோர் அறியாத பல்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். கொரியர்களுக்கு இது 'காதல் பல்'. நம் மலாய் நண்பர்கள் சொல்வது 'கீகி பொங்சு'. பொங்சு என்றால் வீட்டின் கடைக்குட்டி. என்னைக் கேட்டால் அறிவியலுக்கு மிக நெருக்கமான பெயர் இந்த மலாய்ப் பெயர்தான். அண்ணன்களும் அக்காள்களும் எல்லா அறைகளையும் எடுத்துக்கொண்ட பிறகு வீட்டுக்கு வரும் கடைசிப் பிள்ளை அது. இடம் இருந்தால் சிக்கல் இல்லை. இடம் இல்லாவிட்டால்தான் தொல்லை.

ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு

முதல் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 6 வயதில் வெளிவருகிறது. இரண்டாவது 12 வயதையொட்டி வருகிறது. மூன்றாவதான ஞானப்பல் பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் எட்டிப் பார்க்கிறது. ஏன் இத்தனை இடைவெளி?

பல் திடீரென்று முளைப்பதில்லை. ஞானப்பல்லின் மேல்பகுதி ஏறக்குறைய 7 முதல் 10 வயதுக்குள்ளேயே தாடைக்குள் கெட்டியாகத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் தொடக்கப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அது உருவாகிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக வேர் வளர்கிறது. அந்த வேர் முழுமை பெறப் பலருக்கு 20 வயதுக்கு மேல் ஆகிவிடும்.

பல் வெளிவருவதற்குத் தாடையில் இடம் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் பல வகைக் குரங்கினங்களின் மண்டையோடுகளை ஒப்பிட்டு ஒரு விளக்கம் தந்தார்கள். மெல்லும்போது ஏற்படும் விசை, காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டைப் பாதிக்காத அளவுக்குத் தாடை நீண்ட பிறகுதான் அடுத்த கடைவாய்ப்பல் வெளிவருகிறது என்பது அவர்களின் முடிவு. மனிதனின் தாடை மெதுவாக வளர்கிறது, முகமும் குட்டையானது. எனவே நமக்குக் கடைவாய்ப்பற்கள் காலம் தாழ்த்தி வருகின்றன. கடைசிப் பல் வரும் நேரத்தில் தாடையின் வளர்ச்சியே முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

மென்மையான உணவும் சிறிய தாடையும்

"ஞானப்பல் நமக்குத் தேவையில்லை, அதனால் அது மறைந்து வருகிறது" என்று மாணவர்கள் தேர்வுத் தாளில் எழுதுவதுண்டு. இந்த வாக்கியத்தில் எச்சரிக்கை தேவை. பயன்படுத்தாத உறுப்பு, பயன்படுத்தவில்லை என்ற ஒரே காரணத்தால் அடுத்த தலைமுறையில் மறைந்துவிடாது. மரபணுவில் மாற்றம் ஏற்பட்டு, அது தலைமுறை தலைமுறையாகப் பரவ வேண்டும். உலக மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குறைந்தது ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே இல்லை. அது பெரும்பாலும் மரபணுவைச் சார்ந்தது.

ஆனால் தாடையின் அளவுக்கு மரபணு மட்டுமே காரணமன்று. எலும்பு ஓர் உயிருள்ள திசு. அதன் மீது விசை விழுந்தால் அது வளர்கிறது. வளரும் பருவத்தில் கடினமான உணவை நன்றாக மென்றால் தாடையும் நன்றாக நீள்கிறது. 2004-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லீபர்மன் குழுவினர் ஹைராக்ஸ் என்னும் முயல் அளவிலான விலங்கைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சமைத்த மென்மையான உணவு; இன்னொரு பிரிவுக்குப் பச்சையான, உலர்ந்த, கடினமான உணவு. மென்மையான உணவைத் தின்று வளர்ந்த விலங்குகளின் முகத்தில், மெல்லும் விசை அதிகம் விழும் பகுதிகளின் வளர்ச்சி ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்திருந்தது.

வேட்டையாடி வாழ்ந்த மனிதக் குழுக்களின் கீழ்த்தாடை, வேளாண்மை செய்து வாழ்ந்தவர்களின் தாடையைவிடப் பொதுவாக நீளமாக இருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நாமோ குழைந்த சோறும், ரொட்டியும், மீ கோரேங்கும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பல்லின் அளவை மரபணுவே பெரிதும் முடிவு செய்துவிடுகிறது. தாடையின் நீளமோ உணவுப் பழக்கத்தாலும் மாறுகிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாதபோது வரிசையின் கடைசியில் நிற்கும் பல்லுக்கு இடம் கிடைப்பதில்லை.

சாய்ந்த பல், சிக்கிய பல்

இடம் கிடைக்காத பல் எலும்புக்குள்ளேயோ ஈறுக்கு அடியிலேயோ சிக்கிக்கொள்கிறது. கீழ்த்தாடையில் மிக அதிகமாகக் காணப்படுவது, முன்னால் இருக்கும் பல்லின் மீது தலை சாய்த்துக்கொண்டிருக்கும் ஞானப்பல். சில பற்கள் முழுவதும் படுத்துவிடும். சில பின்பக்கமாகச் சாயும். சில நேராக நின்றாலும் மேலே வர வழியில்லாமல் நிற்கும்.

முழுவதும் எலும்புக்குள் புதைந்திருக்கும் பல் பலருக்கு வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடலாம். நேராக, முழுமையாக வெளிவந்த பல்லும் மற்றப் பற்களைப் போலவே மெல்ல உதவும். அதிகத் தொல்லை தருவது பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும் பல்தான். கதவு முழுதாக மூடியிருந்தாலும் பரவாயில்லை, முழுதாகத் திறந்திருந்தாலும் பரவாயில்லை; பாதி திறந்த கதவு வழியாகத்தான் கொசு நுழைகிறது.

வலி நின்றது, நோய் நின்றதா?

பாதி வெளிவந்த பல்லின் மேல் ஈறு ஒரு சிறிய மூடியைப் போலப் படர்ந்திருக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் இடையில் உணவுத் துணுக்குகள் சேரும். பல்துலக்கி அங்கே நுழையாது. காற்றுப் புகாத அந்த இடுக்கு, உயிர்வளி இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஏற்ற இருப்பிடம். அவை பெருகும்போது ஈறு சிவந்து வீங்குகிறது. வீங்கிய ஈறு மேற்பல்லில் கடிபட்டு மேலும் வீங்குகிறது. வாய் நாற்றம், ஒரு வகைக் கசப்புச் சுவை, விழுங்கும்போது வலி ஆகியவை தொடரும். ஞானப்பல் தரும் தொல்லைகளில் இளையோரிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது இந்த ஈறு அழற்சிதான்.

சிலர் காது வலி என்று சொல்லிக்கொண்டு மருந்தகத்துக்குப் போவார்கள். பல், தாடை ஆகியவற்றின் உணர்வை மூளைக்குக் கொண்டு செல்லும் முக்கிளை நரம்பின் கிளைகளே காதின் முன்பகுதி உணர்வையும் கொண்டு செல்கின்றன. செய்தி ஒரே பாதையில் வருவதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை குழம்பிவிடுகிறது. அது போலவே, கீழ் ஞானப்பல்லுக்குப் பக்கத்தில் தாடையை அசைக்கும் தசைகள் இருக்கின்றன. அழற்சி அந்தத் தசைகளை எட்டும்போது அவை இறுகிவிடும்; வாயைத் திறக்க முடியாது. உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி மேல், கீழ் வெட்டுப்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். நலமான வாயில் பொதுவாக மூன்று விரலும் நுழையும்.

இந்த அழற்சியின் தந்திரம் என்னவென்றால், அது சில நாட்களில் தானாகவே தணிந்துவிடக்கூடும். ஐந்தாம் படிவ மாணவர்களிடம் இதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். "வலிக்குது சார்" என்று திங்கட்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமை கேட்டால், "இப்ப ஒன்னுமில்ல சார்" என்பார்கள். இரண்டு மாதம் கழித்து, எஸ்.பி.எம். சோதனைத் தேர்வு நடக்கும் வாரத்தில் அதே கன்னம் மறுபடியும் வீங்கியிருக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஈறு மூடியும், அதன் கீழ் உள்ள இடுக்கும் அப்படியேதான் இருக்கின்றன. எனவே வலி நிற்பதை நோய் நீங்கியதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பழி சுமக்கும் பக்கத்துப் பல்

வலியே இல்லாமல் நடக்கும் சேதமும் உண்டு. முன்னால் சாய்ந்த ஞானப்பல்லுக்கும் அதன் பக்கத்தில் உள்ள இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் ஒரு முக்கோண இடுக்கு உருவாகிறது. அங்கே தேங்கும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் பாக்டீரியா அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் பக்கத்துப் பல்லின் பின்புறத்தைக் கரைக்கிறது. சொத்தை பின்பக்கம் இருப்பதால் கண்ணாடியில் தெரியாது. வலி தொடங்கும்போது சொத்தை பல்லின் உள் நரம்புவரை போயிருக்கலாம்.

இதுதான் உண்மையான இழப்பு. ஞானப்பல் போனால் பெரும்பாலோருக்கு மெல்வதில் குறை எதுவும் வராது. ஆனால் 12 வயதில் வந்த இரண்டாம் கடைவாய்ப்பல், முதுமைவரை உங்களுக்காக உழைக்க வேண்டிய பல். கடைக்குட்டியைக் கவனிக்காமல் விட்டதற்கான தண்டனையை அதன் அண்ணன் அனுபவிக்கிறது.

மிகச் சிலருக்குப் புதைந்த பல்லைச் சுற்றியுள்ள உறையில் நீர் தேங்கிக் கட்டியாக வளர்வதுண்டு. அது மெதுவாகத் தாடை எலும்பை அரிக்கும். இதுவும் பெரும்பாலும் வலிப்பதில்லை; ஊடுகதிர்ப் படம் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழ்க் கடைவாய்ப்பற்களின் வேர்கள் தாடையின் ஆழத்தில் இருக்கின்றன. அங்கிருந்து கிருமித்தொற்று நாக்குக்கு அடியிலும் கழுத்துப் பக்கமும் பரவ வழியுண்டு. அப்படிப் பரவி இரு புறமும் வீங்கினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப் பாதையே அடைபடலாம். ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் 1836-இல் இந்த ஆபத்தான நிலையை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் அறியப்படுகிறது. இது அரிதானது. ஆனால் அரிதானது என்பதற்காக அறியாமல் இருந்துவிடக் கூடாது.

வலியோடு காய்ச்சல் வந்தால், வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையாவிட்டால், தாடைக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் அன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள். எச்சிலை விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது என்றால் பல் மருந்தகத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அல்லது 999-ஐ அழையுங்கள்.

வீட்டு வைத்தியம் எதுவரை?

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிப்பது நல்லது. அது உணவுத் துணுக்குகளை அகற்றும், ஈற்றுக்கு இதமளிக்கும். பாட்டி சொல்லும் கிராம்புக்கும் அறிவியல் காரணம் உண்டு. அதில் உள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பைச் சற்று மரத்துப்போகச் செய்கிறது. ஆனால் செறிவான கிராம்பு எண்ணெய் ஈற்றைப் புண்ணாக்கிவிடும். வலி மாத்திரையைப் பல்லின் மேல் வைத்து அழுத்துவது அதைவிட மோசம். அது ஈற்றையும் கன்னத்தின் உட்புறத்தையும் வெந்துபோகச் செய்யும். மாத்திரை விழுங்குவதற்கே. அதையும் பெற்றோரிடம் சொல்லி, உறையில் எழுதியுள்ள அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மட்டும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேண்டாம்.

அண்ணன் குடித்து மீதி வைத்த கிருமிக்கொல்லி மருந்தை எடுத்து விழுங்குவது நம் வீடுகளில் உள்ள தவறான பழக்கம். ஈறு மூடிக்கு அடியில் அழுக்கு இருக்கும்வரை மருந்தால் மட்டும் அதைத் தீர்க்க முடியாது. மருத்துவர் முதலில் செய்வது அந்த இடுக்கைக் கழுவிச் சுத்தப்படுத்துவதுதான். காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால்தான் பொதுவாகக் கிருமிக்கொல்லி தேவைப்படும். தேவையில்லாமல் உட்கொண்டால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே உடலில் மிஞ்சும்.

பிடுங்குவதா, விடுவதா?

ஞானப்பல் என்றாலே பிடுங்கிவிட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிரிட்டனின் தேசியச் சுகாதார வழிகாட்டி அமைப்பான நைஸ், 2000-ஆம் ஆண்டிலேயே, நோயற்ற சிக்கிய ஞானப்பற்களை 'எதற்கும் இருக்கட்டும்' என்று முன்கூட்டியே அகற்றுவதை நிறுத்தச் சொன்னது. சில நாடுகளில் மருத்துவர்கள் இதில் வேறு கருத்துக் கொண்டிருக்கிறார்கள். நம் சுகாதார அமைச்சும் சிக்கிய ஞானப்பல்லுக்கான சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. மீண்டும் மீண்டும் வரும் அழற்சி, சீரமைக்க முடியாத சொத்தை, பக்கத்துப் பல்லுக்குச் சேதம், கட்டி ஆகியவை பல்லை அகற்றுவதற்கான வலுவான காரணங்கள். ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் கோணலாகின்றன என்ற நம்பிக்கையை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. எனவே அதை மட்டுமே காரணமாக்கிப் பல்லைப் பிடுங்க வேண்டியதில்லை.

முடிவெடுக்க உதவுவது இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஊடுகதிர்ப் படம். மருத்துவர் அதில் பல்லின் சாய்வை மட்டும் பார்ப்பதில்லை. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. படத்தில் அதன் பாதை இரண்டு மெல்லிய வெண்கோடுகளுக்கு நடுவில் தெரியும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருவது அந்த நரம்புதான். பல்லின் வேர் அதை ஒட்டியிருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பிறகு உதடு மரத்துப்போகும் ஆபத்து கூடுகிறது. பெரும்பாலும் அது தற்காலிகமானது. மிகச் சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. பல்லை விட்டுவைப்பதிலும் ஆபத்து உண்டு, எடுப்பதிலும் ஆபத்து உண்டு. எது பெரியது என்று எடைபோடுவதே மருத்துவம். இளம் வயதில் எலும்பு இளகியிருப்பதால் பல்லை எடுப்பதும் ஆறுவதும் எளிது. அந்தச் சாதகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்காலியில் அமர்ந்த பிறகு

பல்லை எடுக்க முடிவானால், முதலில் மரப்பு ஊசி போடுவார்கள். நரம்பில் செய்தி பாய்வதற்குச் சோடியம் அயனிகள் நரம்பு உயிரணுவுக்குள் நுழைய வேண்டும் என்று உயிரியலில் படிக்கிறோம். ஊசியில் உள்ள லிக்னோகெயின் அந்த அயனி வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி புறப்படாவிட்டால் மூளைக்கு வலி தெரியாது. அழுத்துவதும் அசைப்பதும் மட்டும் ஓரளவு தெரியும். சிக்கிய பல் என்றால் ஈற்றைச் சிறிது கீறி, எலும்பைச் சற்றுச் செதுக்கி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள்.

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகும். அந்த உறைகட்டிதான் இயற்கை போடும் கட்டு. அதன் கீழேதான் புதிய திசு வளர வேண்டும். அது கழன்று போனால் எலும்பு வெளியே தெரிந்து, சில நாட்கள் கழித்துக் கடுமையான வலி வரும். எனவே முதல் நாளில் வாயை வேகமாகக் கொப்பளிக்காதீர்கள். உறிஞ்சுகுழலில் மைலோ குடிக்காதீர்கள். உறிஞ்சும்போது வாய்க்குள் அழுத்தம் குறைந்து உறைகட்டி இழுக்கப்படலாம். சிகரெட்டும் வேப்பும் புண் ஆறுவதைக் கெடுக்கும். மறுநாளிலிருந்து உப்பு நீரில் மெதுவாக வாயை அலசலாம்.

இன்றிரவு செய்ய வேண்டியது

உங்களுக்கு ஞானப்பல் இன்னும் வரவில்லை என்றாலும் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம். பல் துலக்கும்போது வாயைப் பாதி மூடுங்கள். கன்னம் தளர்ந்து, துலக்கி பின்னால் போக இடம் கிடைக்கும். கடைசிப் பல்லின் மேற்பகுதியோடு நிறுத்தாமல் அதன் பின்புறத்தையும் தேயுங்கள். சிறிய தலை கொண்ட துலக்கி இதற்கு வசதி.

அடுத்த முறை பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரும்போதோ, பெற்றோருடன் பல் மருந்தகத்துக்குப் போகும்போதோ மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு ஞானப்பற்கள் உள்ளனவா? அவை வெளிவர இடம் உள்ளதா? பக்கத்துப் பல் நலமாக இருக்கிறதா? வலி வந்த பிறகு கேட்பதைவிட, வலி இல்லாதபோது கேட்பதற்குத்தான் பயன் அதிகம். வேலையெல்லாம் முடிந்து எஸ்.பி.எம். மண்டபத்தில் அமரும் நாளில் உங்கள் கவனம் வினாத்தாளில் இருக்க வேண்டும். கடைவாயில் இருக்கக் கூடாது.